காணாமல் போன 48 பொட்டலங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிறு வியாபாரமும் தொழில்நுட்பமும் என்ற தலைப்பில் எத்தனையோ பேச்சுகள் வந்துவிட்டன. கடன் எங்கே கிடைக்கும், இணையத்தில் எப்படி விற்கலாம் என்றெல்லாம் பேசப்படுகிறது. ஆனால், கடை முகப்பில் 'பீப்' என்று சத்தமிடும் அந்தச் சின்னக் கருவியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்றைய பேச்சு அந்த ஸ்கேனரைப் பற்றியதுதான். அது பொருளின் கோடுகளை எப்படிப் படிக்கிறது என்பதைவிட, படித்ததைக் கணினிக்கு எப்படிச் சொல்கிறது என்பது முக்கியம். சில நேரங்களில் ஒரு மனிதரின் மானமே அதில் அடங்கியிருக்கிறது.

பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதியில், பழைய கிள்ளான் சாலைக்கு அருகே இருக்கிறது கம்போங் மேடான். அங்கே ஒரு சில்லறைக் கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், பூசைச் சாமான் எல்லாம் கிடைக்கும் கடை. முதலாளி ஒருவர், கல்லாவில் ஒரு பெண், சாமான் அடுக்க ஒரு பையன். தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆகிறது. முதலாளி இருப்புக் கணக்குப் பார்க்கிறார். இறக்குமதியான பாதாம் பருப்பு 60 பொட்டலங்கள் இருக்க வேண்டும் என்று கணினி காட்டுகிறது. அலமாரியில் எண்ணினால் 12தான் இருக்கிறது. ஒரு பொட்டலம் 12 வெள்ளி 40 காசு. காணாமல் போன 48 பொட்டலங்களின் மதிப்பு 595 வெள்ளி 20 காசு.

"பாதாம் எங்கம்மா போச்சு?"

"வித்துப்போச்சுண்ணே. தீபாவளிக்கு எல்லாரும் அதைத்தானே கேட்டாங்க."

"வித்திருந்தா கணக்குல வந்திருக்கணுமே."

அந்தப் பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை. சாமான் அடுக்கும் பையன் வேறு பக்கம் பார்க்கிறான். முதலாளி கெட்டவர் அல்லர். ஆனாலும் அவர் மனத்தில் ஒரு முள் தைத்துவிட்டது. அடுத்த மாதச் சம்பளத்தில் பிடிக்கலாமா என்ற எண்ணமும் வருகிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று வரையறுத்து வைத்திருக்கிறது. முதலாளி நினைத்ததையெல்லாம் பிடித்துவிட முடியாது. ஆனால், சட்டம் சம்பளத்தைத்தான் காப்பாற்றும். 'எடுத்திருப்பாளோ' என்ற சந்தேகத்திலிருந்து அந்தப் பெண்ணைக் காப்பாற்றாது.

அந்த 48 பொட்டலங்கள் திருடு போகவில்லை. எங்கே போயின என்பதைக் கண்டுபிடிக்க, முதலில் அந்தக் கோடுகளின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மணலில் பிறந்த கோடுகள்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 1948ஆம் ஆண்டு, பெர்னார்ட் சில்வர் என்ற இளைஞர் ஒரு பேச்சைக் காதில் வாங்கினார். கல்லாவில் பொருள்களைத் தானாகவே பதிவு செய்ய ஒரு வழி கண்டுபிடித்துத் தாருங்கள் என்று ஒரு பேரங்காடி அதிகாரி கல்லூரியில் கேட்டுக்கொண்டிருந்தார். சில்வர் அதைத் தம் நண்பர் நார்மன் ஜோசப் வுட்லேண்டிடம் சொன்னார். அடுத்த ஆண்டு மயாமி கடற்கரையில் அமர்ந்திருந்த வுட்லேண்ட், தந்தி அடிக்கும் மோர்ஸ் முறையின் புள்ளியையும் கோட்டையும் நினைத்தபடி மணலில் விரல்களை வைத்து இழுத்தார். தடித்த கோடுகளும் மெல்லிய கோடுகளும் விழுந்தன. அதுதான் விதை. 1952ஆம் ஆண்டு இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது.

விதை முளைக்க மேலும் 22 ஆண்டுகள் ஆயின. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர், இன்று பொருள்களில் காணும் 12 இலக்கக் குறியை வடிவமைத்தார். 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி காலையில், ஒஹாயோ மாநிலத்தின் டிராய் ஊரில் உள்ள மார்ஷ் பேரங்காடியில், ஒரு சூயிங்கம் பொட்டலம் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. விலை 67 சென்ட்.

அமெரிக்கா 12 இலக்கங்களோடு நின்றது. ஐரோப்பிய நாடுகள் 1977இல் தங்கள் முறையைத் தொடங்கியபோது ஓர் இலக்கத்தைக் கூட்டி 13 ஆக்கின. மலேசியா உட்பட உலகின் பெரும்பகுதி இந்த 13 இலக்க முறையைத்தான் பின்பற்றுகிறது. மலேசியாவில் வழங்கப்படும் எண்கள் 955 என்று தொடங்கும். இந்தியாவுக்கு 890, இலங்கைக்கு 479, சிங்கப்பூருக்கு 888. இதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. 955 என்று இருந்தால் மலேசியாவில் செய்த பொருள் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த எண்ணை வழங்கிய அமைப்பு எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. பொருள் எங்கே தயாரானது என்பதைப் பொட்டலத்தின் எழுத்துகளில்தான் பார்க்க வேண்டும்.

கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். எடுத்துக்காட்டுக்கு 955000123456 என்ற 12 இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்களில் உள்ளவை 9, 5, 0, 1, 3, 5. கூட்டினால் 23. இரட்டைப்படை இடங்களில் உள்ளவை 5, 0, 0, 2, 4, 6. கூட்டினால் 17, அதை மூன்றால் பெருக்கினால் 51. இரண்டும் சேர்ந்து 74. அடுத்து வரும் பத்தின் மடங்கு 80. அதற்கு 6 குறைகிறது. அந்த 6தான் பதின்மூன்றாவது இலக்கம். கோடு கசங்கியோ கறைபட்டோ ஸ்கேனர் ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தால், இந்தக் கணக்கு உதைக்கும். ஸ்கேனர் வாய் திறக்காது. அதனால்தான் ஸ்கேனர் பெரும்பாலும் தவறாகப் படிப்பதில்லை. சிக்கல் படிப்பதில் இல்லை. படித்ததைச் சொல்வதில்தான் இருக்கிறது.

ஸ்கேனர் என்பது ஒரு விசைப்பலகை

சில்லறைக் கடைகளில் இருக்கும் பெரும்பாலான ஸ்கேனர்கள் கணினியின் கண்ணுக்கு ஸ்கேனராகவே தெரிவதில்லை. கணினி அதை இன்னொரு விசைப்பலகை என்றே நினைக்கிறது. யாரோ மின்னல் வேகத்தில் 13 எண்களைத் தட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. யு.எஸ்.பி. வருவதற்கு முந்திய காலத்தில், விசைப்பலகைக்கும் கணினிக்கும் நடுவே ஆப்பு செருகுவதுபோல் இந்தக் கருவியைச் செருகுவார்கள். அதனால் அந்த முறைக்கு ஆங்கிலத்தில் ஆப்பு என்ற பெயரே நிலைத்துவிட்டது.

விசைப்பலகை என்பதால் அதற்கு யோசனை கிடையாது. கர்சர் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அங்கேயே தட்டிவிட்டுப் போகும். எதைத் தட்டுவது, முன்னால் என்ன சேர்ப்பது, பின்னால் என்ன சேர்ப்பது, எதை விட்டுவிடுவது என்பதெல்லாம் அதன் உள்ளே பதிந்திருக்கும் அமைப்பைப் பொறுத்தது. அந்த அமைப்பை மாற்ற முடியும் என்பதுதான் பல கடைக்காரர்களுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. வாங்கிய பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தில் எல்லாம் இருக்கும். பெட்டி குப்பைக்குப் போகும்போது அந்தப் புத்தகமும் சேர்ந்து போய்விடுகிறது.

கம்போங் மேடான் கடைக்குத் திரும்புவோம். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பழைய ஸ்கேனர் கீழே விழுந்து உடைந்தது. அவசரத்துக்கு முதலாளி பழைய சாமான் கடையில் ஒரு ஸ்கேனரை வாங்கி வந்தார். செருகியதும் வேலை செய்தது. அரிசி வந்தது, எண்ணெய் வந்தது, ஊதுபத்தி வந்தது. எல்லாம் சரி என்று நினைத்தார்கள். 955 என்றும் 890 என்றும் தொடங்கும் 13 இலக்கப் பொருள்களுக்கு எல்லாமே சரிதான்.

பாதாம் மட்டும் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் எண் 12 இலக்கம். எடுத்துக்காட்டுக்கு 712345678904 என்று வைத்துக்கொள்வோம். உடைந்த ஸ்கேனர் இப்படிப்பட்ட எண்களுக்கு முன்னால் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து, 0712345678904 என்று 13 இலக்கமாக அனுப்பும்படி அமைக்கப்பட்டிருந்தது. கடையின் மென்பொருளிலும் அப்படியே பதிவாகியிருந்தது. புதிதாக வந்த ஸ்கேனரோ 12 இலக்கங்களை உள்ளது உள்ளபடி அனுப்பியது. முன்னால் பூஜ்யம் சேர்ந்தாலும் காவல்கார இலக்கத்தின் கணக்கு மாறாது. இரண்டும் ஒரே பொருள்தான். இது மனிதருக்குத் தெரியும். ஆனால் கடை மென்பொருளுக்கு 12 எழுத்துகளும் 13 எழுத்துகளும் ஒன்றல்ல. 'இப்படி ஒரு பொருள் இல்லை' என்று திரையில் சொல்லிவிட்டது.

வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள். கைக்குழந்தை அழுகிறது. கல்லாவில் இருந்த பெண் என்ன செய்வாள்? புதிய பொருள் என்று சேர்த்தாள். பெயர் கேட்டது, ஆங்கிலத்தில் 'அல்மண்ட்' என்று தட்டினாள். விலை கேட்டது; தனக்கு நினைவிருந்த 11 வெள்ளி 90 காசைத் தட்டினாள். முதலாளி முந்திய வாரமே விலையை 12 வெள்ளி 40 காசாக ஏற்றியிருந்தது அவளுக்குத் தெரியாது. அதன் பிறகு அந்தப் பொட்டலத்தை எத்தனை முறை காட்டினாலும் கணினி முறைக்கவில்லை. வியாபாரம் ஓடியது.

கணினியில் இப்போது ஒரே பருப்புக்கு இரண்டு கணக்குகள். ஒன்று, மொத்த வியாபாரியின் பில்லில் இருந்த மலாய்ப் பெயரோடு 'பாடாம்', இருப்பு 60. இன்னொன்று 'அல்மண்ட்', உள்ளே வந்த சரக்கு எதுவும் இல்லாமல் விற்பனை மட்டும் நடந்ததால் இருப்பு மைனஸ் 48. அகரவரிசையில் ஆங்கில 'ஏ' ஒரு பக்கம், 'பி' இன்னொரு பக்கம். முதலாளி பார்த்தது ஒரு பக்கத்தை மட்டும். இரண்டையும் கூட்டியிருந்தால் 60இல் 48 போக 12. அலமாரியில் இருந்ததும் 12தான்.

உண்மையில் கடைக்கு ஏற்பட்ட நட்டம், ஒரு பொட்டலத்துக்கு 50 காசு வீதம் 48 பொட்டலங்களுக்கு 24 வெள்ளி. சந்தேகப்பட்டதோ 595 வெள்ளி 20 காசு. நடுவே நின்றது ஒரு பூஜ்யம்.

இந்தப் பூஜ்யம் சிறு கடைகளை மட்டும் பாடாய்ப் படுத்தவில்லை. அமெரிக்க, கனடியக் கடைகள் தங்கள் கணினிகளில் 13 இலக்க எண்களையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அங்குள்ள அமைப்புகள் 2005ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியைக் கெடுவாக வைத்து, பல ஆண்டுகள் முன்பே எச்சரிக்க வேண்டியிருந்தது. மாபெரும் நிறுவனங்களே தயாராக வேண்டியிருந்த ஒரு காரியத்தில், தாமானில் இருக்கும் கடைக்காரர் தடுமாறுவது வெட்கப்பட வேண்டியதல்ல. தெரிந்துகொண்டால் போதும்.

தெரிந்துகொள்ள வேண்டிய ஆறு அமைப்புகள்

முதலாவது, முடிவில் வரும் என்டர். எண்ணை அனுப்பியதும் ஸ்கேனர் என்டர் பொத்தானையும் தானே தட்ட வேண்டும். இந்தப் பின்னொட்டு இல்லையென்றால் கணினி காத்துக்கொண்டே இருக்கும். அடுத்த பொருளைக் காட்டினால் இரண்டு எண்களும் ஒட்டி 26 இலக்கமாகிவிடும். சில மென்பொருள்களுக்கு என்டருக்குப் பதில் டேப் தேவைப்படும். இரண்டு முறை என்டர் போகும்படி அமைந்திருந்தால் அதுவும் ஆபத்து. இரண்டாவது என்டரை 'சரி, முடித்துவிடு' என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருள்கள் உண்டு. கர்சர் தவறிப்போய் எண்ணிக்கைக் கட்டத்தில் நின்றிருந்தாலோ, ஒரு பாட்டில் எண்ணெய் வாங்க வந்தவர் ஒன்பது இலட்சம் கோடிக்கு மேல் பாட்டில் வாங்கியதாகத் திரையில் தெரியும். சிரிப்புக்குரிய கதை, ஆனால் வரிசையில் நிற்பவர் சிரிக்கமாட்டார்.

இரண்டாவது, சற்றுமுன் பார்த்த முன்பூஜ்யம். 12 இலக்க எண்ணை 13 ஆக மாற்றி அனுப்புவதா, அப்படியே அனுப்புவதா? எதுவானாலும் சரி, கடையில் உள்ள எல்லா ஸ்கேனர்களும் ஒரே மாதிரி அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, காவல்கார இலக்கம். கடைசி இலக்கத்தைச் சரிபார்த்துவிட்டு, அதை அனுப்பாமல் விட்டுவிடும் அமைப்பும் ஸ்கேனரில் உண்டு. அப்போது 13க்குப் பதில் 12 இலக்கம்தான் போகும். ஒரு பொருளும் பொருந்தாது.

நான்காவது, முன்னொட்டு. எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தையோ குறியையோ சேர்த்து அனுப்பலாம். இது எந்த வகைக் கோடு என்பதைக் காட்டும் அடையாளத்தையும் சேர்க்கலாம். கிடங்குகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இது தேவை. சில்லறைக் கடைக்குப் பெரும்பாலும் தேவையில்லை. பழைய ஸ்கேனரை வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். முன்பு அது எந்தக் கிடங்கில் வேலை பார்த்ததோ, அந்த வழக்கத்தை இங்கேயும் கொண்டுவரும்.

ஐந்தாவது, விசைப்பலகையின் மொழி. ஸ்கேனர் ஆங்கில விசைப்பலகையாக நடிக்கும்போது கணினி வேறு மொழிக்கு மாறியிருந்தால் எழுத்துகள் உருமாறிவிடும். பிரெஞ்சு விசைப்பலகை அமைப்பில் எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் குறிகள்தான் வரும். இந்த நாட்டிலும் இது நடக்கக்கூடியதே. 1980களில் மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் இன்றும் தமிழில் தட்டச்சு செய்யப் பலருக்கும் கைகொடுக்கிறது. கடைக் கணினியில் தீபாவளி வாழ்த்தைத் தமிழில் அடித்துவிட்டு, ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்துபோனால், எழுத்துகள் கலந்த குறிகளை ஸ்கேன் செய்யும்போது திரையில் தமிழ் எழுத்துகள் வந்து விழும். தமிழ் வாழ்க, கல்லாவில் மட்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வோம். கேப்ஸ் லாக் பொத்தான் அழுந்தியிருந்தாலும் பெரிய எழுத்து சிறிய எழுத்தாகும்.

ஆறாவது, வேகம். பழைய கணினிகளால் ஸ்கேனரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. நடுவில் ஓரிரு இலக்கங்கள் உதிர்ந்துவிடும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் இடையே சில மில்லி விநாடி இடைவெளி விடும் அமைப்பு ஸ்கேனரிலேயே இருக்கிறது. புதுக் கணினி வாங்கும் முன் இதை முயன்று பார்க்கலாம்.

இவற்றோடு, காய்கறியும் இறைச்சியும் விற்கும் கடைகளுக்கு இன்னொன்று உண்டு. தராசில் நிறுத்ததும் ஒரு சீட்டு வருமே, அதிலுள்ள எண் வழக்கமாக 2 என்று தொடங்கும். அது அந்தக் கடைக்குள் மட்டுமே செல்லுபடியாகும் எண். அதற்குள் பொருளின் எண்ணும், எடையோ விலையோ ஒன்றும் சேர்ந்தே இருக்கும். எந்த இலக்கம் முதல் எந்த இலக்கம் வரை விலை என்பதைத் தராசிலும் மென்பொருளிலும் ஒரே மாதிரி சொல்லி வைக்க வேண்டும். இல்லையென்றால் நிறுத்த ஒவ்வொரு கோழியும் ஒரு புதிய பொருளாகிவிடும்.

நோட்பேட் என்னும் நாடிச் சோதனை

உடம்பு சரியில்லை என்றால் மருத்துவர் முதலில் நாடி பார்ப்பார். ஸ்கேனருக்கு நாடி பார்க்கும் இடம் நோட்பேட். எல்லா விண்டோஸ் கணினியிலும் இருக்கும் அந்த வெற்றுத்தாளைத் திறந்து, கடையில் உள்ள பொருள்களில் பத்தை எடுத்து ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். மலேசியப் பொருள், இந்தியப் பொருள், அமெரிக்கப் பொருள், 8 இலக்க எண்ணுள்ள சிறிய பொருள், தராசுச் சீட்டு என்று கலந்து எடுப்பது நல்லது. ஒவ்வொன்றும் தனித்தனி வரியில் வந்தால் என்டர் சரி. பொட்டலத்தில் கோடுகளுக்குக் கீழே அச்சாகியிருக்கும் எண்ணோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஒரு காசு செலவில்லை.

இந்தச் சோதனையை எக்செல்லில் செய்யக்கூடாது. எக்செல்லுக்கு முன்பூஜ்யம் பிடிக்காது, எடுத்துவிடும். 13 இலக்க எண்ணை நீளமாகக் காட்டாமல் 9.55 என்று தொடங்கிச் சுருக்கியும் காட்டும். அதைப் பார்த்து ஸ்கேனர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. எக்செல்லில் பொருள் பட்டியல் வைத்திருப்பவர்கள், எண்களைத் தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை 'எழுத்து' என்று மாற்றிவைக்க வேண்டும்.

குறை தெரிந்துவிட்டது, மாற்றுவது எப்படி? ஸ்கேனரின் அடியில் அதன் மாடல் எண் ஒட்டப்பட்டிருக்கும். அந்த மாடலுக்குரிய புத்தகம் கையில் இல்லையென்றால், பெரும்பாலும் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் கிடைக்கும். புத்தகத்தில் பக்கம் பக்கமாகக் கோடுகள் இருக்கும். அந்தக் கோடுகள்தான் கட்டளைகள். பல மாடல்களில், தொடங்கும் குறி, வேண்டிய அமைப்பின் குறி, முடிக்கும் குறி என்று வரிசையாக ஸ்கேன் செய்தால் போதும். சிலவற்றுக்கு ஒரே குறி போதும். ஒரு நிறுவனத்தின் குறிகள் இன்னொரு நிறுவனத்தின் ஸ்கேனருக்கு ஒத்துவராது; பக்கத்துக் கடைக்காரரின் தாளைக் கடன் வாங்குவதில் பயனில்லை.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஒரு பக்கத்தில் பத்துக் குறிகள் இருக்கும். வேண்டாததைத் தாளால் மூடிக்கொண்டு வேண்டியதை மட்டும் காட்ட வேண்டும். இரண்டு, லேசர் ஸ்கேனரால் கைப்பேசித் திரையில் உள்ள கோடுகளைப் பொதுவாகப் படிக்க முடியாது; தாளில் தெளிவாக அச்சிட்டுக்கொள்ள வேண்டும். மூன்று, முதல் பக்கங்களில் 'தொழிற்சாலை அமைப்பு' என்று ஒரு குறி இருக்கும். அது எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பிறந்தநாள் நிலைக்குக் கொண்டுபோய்விடும். பழைய ஸ்கேனரை வாங்குபவர்கள் முதல் வேலையாக அதை ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு தேவையானதை ஒவ்வொன்றாக அமைப்பது நல்லது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கேனரில் அதைத் தொடவே கூடாது. பிள்ளைகள் விளையாட்டாக 'பீப்' அடித்துப் பார்க்கும் இடத்தில் அந்தப் புத்தகத்தை வைக்கவும் கூடாது.

கல்லாவும் நம்பிக்கையும்

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை பேச்சா என்று கேட்கலாம். கம்போங் மேடான் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவு வருவது 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம்தான். அப்போது அங்கு மூண்ட கலவரத்தில் 6 உயிர்கள் பறிபோயின. அந்த வடு பெரியது. ஆனால், அதற்கு முன்பும் அதற்குப் பின்பும் அந்த வட்டாரத்தில் மக்கள் அரிசி வாங்கினார்கள், பால் மாவு வாங்கினார்கள், ஒருவர் கடையில் ஒருவர் சாமான் எடுத்தார்கள். தமிழர் கடைக்கு மலாய்க்காரர் வருவார், இந்தோனேசியர் வருவார், வங்காளதேசி வருவார். பல இனத்தவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் காசு கொடுத்து வாங்கும் இடம் கல்லாதான். அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்று வந்தால், அது ஒரு பூஜ்யத்தின் கோளாறு என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. 'தவுக்கே ஏமாற்றுகிறார்' என்றுதான் தோன்றும். அந்த எண்ணத்தை ஒரு பில்லில் விதைத்துவிடலாம். பிடுங்க எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது.

வரும் நாள்களில் இது இன்னும் முக்கியமாகும். கோடுகளோடு சதுரக் குறிகளும் பொருள்களில் வரத் தொடங்கிவிட்டன. 2027ஆம் ஆண்டு முடிவதற்குள் கல்லாக்கள் இந்தச் சதுரக் குறிகளையும் படிக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.1 அமைப்பின் உலகளாவிய இலக்கு. சதுரக் குறிக்குள் பொருளின் எண்ணோடு காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் இணைய முகவரியும்கூட இருக்கலாம். இதைப் படிக்கும் ஸ்கேனர் 13 இலக்கங்களுக்குப் பதில் ஒரு நீண்ட வாக்கியத்தையே கணினியிடம் ஒப்பிக்கும். அதில் எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று அமைக்கத் தெரியாத கடை, ஒரு பூஜ்யத்துக்கே தடுமாறிய கடையைவிட அதிகம் தடுமாறும். காலாவதியான பால் மாவைக் கல்லாவிலேயே தடுத்து நிறுத்தும் வசதி, அமைக்கத் தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும்.

அந்தக் காலத்துக் கடைக்காரருக்குத் தராசின் முள்ளும் படிக்கல்லும் தெரியும். கல் தேய்ந்தால் கையில் எடுத்தவுடனே சொல்லிவிடுவார். அது அவர் தொழிலறிவு. இன்றைக்குக் கல்லாவில் இருக்கும் கருவி என்ன அனுப்புகிறது என்று தெரிந்திருப்பதும் அதே தொழிலறிவுதான். கணினிக்காரர் வந்து பார்க்கட்டும் என்று காத்திருக்கலாம். அவர் வருவதற்குள் தீபாவளி முடிந்துவிடும்.

மலேசியச் சில்லறைக் கடைகளில் 555 புத்தகத்தை அறியாதவர் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குறிப்புப் புத்தகத்தில்தான் எத்தனையோ குடும்பங்களின் கடன் கணக்கு எழுதப்பட்டது. மாதக் கடைசியில் அதைப் பார்த்துக் கடைக்காரரும் சண்டை போடவில்லை, வாங்கியவரும் மறுக்கவில்லை. எழுதியது இருவர் கண்ணுக்கும் தெரிந்தது. அதே போன்று ஒரு 555 புத்தகம் ஸ்கேனருக்கும் இருக்கட்டும். மாடல் எண் என்ன, முடிவில் என்டரா டேப்பா, 12 இலக்கம் 13 ஆகிறதா இல்லையா, என்றைக்கு, யார் மாற்றினார் என்று நான்கு வரி எழுதி வைத்தால் போதும். கல்லாவுக்கு ஒரு கட்டளையும் இருக்கட்டும்: 'பொருள் இல்லை' என்று திரை சொன்னால் புதிதாகச் சேர்க்காமல், எண்ணை இந்தப் புத்தகத்தில் எழுதி, முதலாளியிடம் காட்ட வேண்டும். முதலாளியும் அதற்காகக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்தக் கடையில் அன்று இரவு முதலாளியின் மகள், நான்காம் படிவ மாணவி, நோட்பேடைத் திறந்து ஒரு பாதாம் பொட்டலத்தை ஸ்கேன் செய்து பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 12 இலக்கம் வருகிறது. பட்டியலில் தேடுகிறாள். 'அல்மண்ட்' கிடைக்கிறது, மைனஸ் 48. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மறுநாள் காலையில் கடை திறந்ததும், கல்லாவில் இருக்கும் பெண்ணிடம் அவர் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"தப்பு மிஷின்லதாம்மா. மனசுல வச்சுக்காத."

அதைச் சொல்வது எளிதல்ல. சொல்ல வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வது அதைவிட எளிது. ஆகவே, கணக்கு உதைக்கும்போது மனிதரை விசாரிப்பதற்கு முன்னால் இயந்திரத்தை விசாரிப்போம். அது என்ன கேட்டாலும் கோபப்படாது, அழாது, வேலையை விட்டும் போகாது.